முப்பத்துநான்கு வெளியூர்த் தாள்கள்

லாசால், மொன்றியல்
2024 செப்டெம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி கஜந்தி எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் மகன் றொக்சனும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உங்கள் முதுகு நோ எப்படி? மச்சாளும் பிள்ளைகளும் சுகமா? கன்சாசில் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும். சரித்திரம் படிப்பித்து உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

கையில் போன் இருக்க இவள் ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வம்மிமுனை ஆட்களுக்கு நான் போனில் எதை அனுப்பினாலும் பத்து நிமிடத்தில் அது ஊர்க் குழுவுக்குள் போய்விடுகிறது. இது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

நம் ஊர்ச் சங்கம் இங்கே ஒரு பழைய கம்பளக் கிடங்கை வாங்கிப் பிள்ளையார் கோயிலாக்குவது உங்களுக்குத் தெரியும். மின்சார வேலை முழுவதும் உங்கள் மச்சான்தான். இரண்டு வருடமாக ஒரு சனி ஞாயிறுகூட வீட்டில் நின்றதில்லை. ஏணியில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துவிட்டது. அந்தக் கோயிலில் எரிகிற ஒவ்வொரு விளக்கும் அவர் கைபட்டது.

போன ஞாயிறு கூட்டத்தில் தலைவர் வேல்முருகு அண்ணன் ஒரு தீர்மானம் வாசித்தார். "வம்மிமுனைக் கோயிலின் வழமைகள் யாவும் மொன்றியல் கோயிலுக்கும் பொருந்தும்." ஒரே வரி. எனக்கு உடனே பிடிபடவில்லை. இவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஊரில் இவருடைய ஆட்கள் கோயில் வெளிவீதியில் நின்று பறைமேளம் அடிக்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்த வழமை இப்போது விமானம் ஏறி வருகிறது.

நான் எழும்பி, "அப்ப இவர் எங்க நிக்கிற?" என்று கேட்டேன். வேல்முருகு அண்ணன் சிரிக்கிறார். "ஏன் தங்கச்சி கோவிக்கிறாய்? நடராசாக்கு மேளம் உரிமை. அத ஒருத்தரும் பறிக்கமாட்டம்" என்கிறார். உரிமையாம்! எனக்கு வந்த கோபத்தில் கதிரையைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்ததும் இவர் சட்டையைக் கழற்றியபடி, "நான் போட்ட லைற்ற நானே வெளிய நிண்டு பாக்கணுமாம்" என்றார்.

வாக்கெடுப்பு பெப்ரவரியில். வம்மிமுனையில் பிறந்தவர் உலகத்தில் எங்கிருந்தாலும் உறுப்பினராகித் தபாலில் வாக்குப் போடலாம் என்று சங்க விதியில் இருக்கிறது. உங்களுக்கான உறுப்பினர் படிவத்தை நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். உங்களைப் போல இன்னும் ஏழு பேரைப் பிடித்திருக்கிறேன்.

தபாற்காரனைப் பார்த்தபடி,
தங்கச்சி கஜந்தி

*

கன்சாஸ்
2024 செப்டெம்பர் 29

அன்புத் தங்கச்சி கஜந்திக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் எல்லாரும் சுகம். முதுகு வலிக்கிறது, ஆனாலும் நின்று படிப்பிக்க முடிகிறது. மச்சானின் காலை ஒரு டொக்டரிடம் காட்டச் சொல்.

இந்த மாதம் வகுப்பில் நான் படிப்பிப்பதே இதைத்தான். நூற்றெழுபது வருடத்துக்கு முன் அமெரிக்காவின் தெற்கில் அடிமைமுறை இருந்தது, வடக்கில் இல்லை. மேற்கே புது நிலங்கள் திறந்தபோது அங்கேயும் அடிமைகளைக் கொண்டுபோகலாமா என்பதுதான் பெரிய சண்டை. முதலில் வரைபடத்தில் ஒரு கோடு கீறினார்கள். கோட்டுக்குத் தெற்கே வைத்திருக்கலாம், வடக்கே கூடாது. பிறகு 1854இல் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கன்சாசில் குடியேறுகிறவர்களே வாக்குப் போட்டு முடிவெடுக்கட்டும் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார்.

வாக்கெடுப்பு நாளில் என்ன நடந்தது தெரியுமா? பக்கத்து மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் துவக்கும் கத்தியும் சாராயமுமாக வண்டில் கட்டி வந்து இறங்கினார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. விழுந்த வாக்கு ஆறாயிரத்துக்கு மேல். போட்டுவிட்டு மிசூரிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே வாழப் போவது அவர்கள் இல்லையே. யாருடைய முதுகைப் பற்றிய வாக்கோ, அந்தக் கறுப்பு மனிதர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடிமை வைத்திருந்தவனும் அதை உரிமை என்றுதான் சொன்னான். வேல்முருகரிடம் இதைச் சொல். நம் தீவிலும் மனிதரைச் சொத்தென்று எழுதி வைத்திருந்தார்கள், வெள்ளைக்காரன் சட்டம் போட்டுத்தான் நின்றது என்பதையும் சொல்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நான் உன் பக்கம். இதைக் கேட்கவும் வேண்டுமா?

என்றும் உன் அண்ணன்,
மேகராசா

*

லாசால், மொன்றியல்
2024 ஒக்டோபர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். இவரை டொக்டரிடம் கூட்டிப்போனேன், ஏணியை விட்டு இறங்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே இவர் ஏறிவிட்டார். "வயரைப் பாதியில விட்டா நெருப்புப் பிடிக்கும், அங்க சின்னப் பிள்ளையள் வரும்" என்கிறார். எனக்கு அவர் மேலேயே கோபம் வருகிறது.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் முழுவதுமாக வாசித்தேன். கிளியக்கா கண்ணைத் துடைத்தார். டோர்வல் விமானச் சமையற்கூடத்தில் என்னோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர், வாய் நீளம், நெஞ்சு நல்லது. "மேகராசா சொன்னா அது சரிதான்" என்று அவர் சத்தமாகச் சொல்ல, நாலு பேர் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

வேல்முருகு அண்ணன் எழும்பி, "அது அமெரிக்கா. அடிச்சு உழைப்பிச்சவங்கள். இது சாமி காரியம். நாங்க ஆரையும் அடிச்சமா?" என்றார். அடிக்கவில்லை, வாசலில் நிறுத்துகிறோம், அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். கூட்டம் முடிந்த பிறகு அவர் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கிளியக்காவிடம் வாங்கிப் போயிருக்கிறார். உங்களுக்குப் போன் எடுத்தால் நன்றாகக் கொடுங்கள்.

பெருமையில் நெஞ்சு நிமிர்ந்த தங்கச்சி,
கஜந்தி

*

கன்சாஸ்
2024 நவம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை.

வேல்முருகர் எடுத்தார். இரண்டு மூன்று தரம் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். நம் மாமாவைப் பற்றி நிறையக் கதைத்தார். மாமா நம் குடியின் வண்ணக்கராகக் கோயிலை நடத்திய காலத்தில் எவ்வளவு ஒழுங்கு என்று சொன்னார். எனக்கும் சின்ன வயது ஞாபகங்கள் வந்தன.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தங்கச்சி. சபையில் கொஞ்சம் நிதானமாகப் பேசு. வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, அந்தக் காலத்து மனிதர்களை அந்தக் காலத்துக்குள் வைத்தே பார்க்க வேண்டும் என்று. எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பழகியதை விட அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

லாசால், மொன்றியல்
2024 டிசெம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? இங்கே தபால் வேலைநிறுத்தம் ஒரு மாதம் இழுத்து இப்போதுதான் முடிந்தது. உங்கள் கடிதம் போன வெள்ளிதான் வந்தது.

இரண்டு தரம் வாசித்தேன். பழகியதை விடக் கஷ்டமாம். யாருக்குக் கஷ்டம்? அடிமைக்கும் அடிமையாக இருந்து பழக்கம்தான், அவனுக்கு அதை விடக் கஷ்டமாக இருந்ததா? நீங்கள் களைப்பில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு அநியாயத்தைக் கேளுங்கள். நான் எட்டுப் பேரைத்தானே வெளியூரில் சேர்த்தேன்? வேல்முருகு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு இலண்டன், சுவிஸ், பாரிஸ் என்று இருபத்தாறு பேரைச் சேர்த்திருக்கிறார். இந்த வாசலை ஒரு நாளும் மிதிக்காத ஆட்கள். இவர் எங்கே நிற்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். உங்கள் மிசூரிக்காரர் துவக்கோடு வந்தார்கள், இவர்கள் முத்திரை ஒட்டி வருகிறார்கள். கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். அந்த விதியைத் தோண்டி எடுத்த என் மூளையை என்ன செய்ய!

பரவாயில்லை, எனக்கும் ஒரு மிசூரிக்காரர் இருக்கிறார் என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு சிரித்தார்.

வாக்குத் தாள் ஜனவரியில் உங்கள் கைக்கு வரும். "வேண்டும்", "வேண்டாம்" என்று இரண்டு பெட்டி இருக்கும். கீழே பெயரும் கையெழுத்தும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. பெப்ரவரி பதினாறுக்கு முன் வந்து சேர வேண்டும்.

பிந்தாமல் அனுப்புங்கள்,
கஜந்தி

*

லாசால், மொன்றியல்
2025 பெப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

என் டிசெம்பர்க் கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகமில்லையோ என்று யோசித்தேன். முதுகா?

நேற்று வாக்கு எண்ணினார்கள். வேண்டும் என்று எழுபத்தொன்று. வேண்டாம் என்று எழுபது. மொன்றியலில் இருக்கிற ஆட்களின் வாக்கில் நாங்கள்தான் வென்றோம். வெளியூர்த் தாள் முப்பத்துநான்கும் பிரித்த பிறகு ஒரே ஒரு வாக்கால் தோற்றோம்.

குடமுழுக்கு ஜூன் இருபத்தொன்பது. இவர் வாசலுக்கு வெளியே.

உங்கள் தாளை அனுப்பினீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

கஜந்தி

*

கன்சாஸ்
2025 மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கண்டு மனம் உடைந்துவிட்டது. ஒரு வாக்கு! இதைவிடக் கொடுமை உண்டா?

ஜனவரியிலேயே அனுப்பினேன். உனக்கு எதிராக நான் போவேனா? உங்கள் நாட்டுத் தபால் வேலைநிறுத்தக் குழப்பத்தில் எங்கேயோ சிக்கியிருக்க வேண்டும். அப்படியே தொலைந்தும் போயிருக்கலாம். வேல்முருகர் ஆட்கள் வேண்டுமென்றே ஒளித்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மச்சானுக்கு ஆறுதல் சொல். காலம் மாறும். கன்சாசிலும் கடைசியில் நியாயம்தான் வென்றது.

உன் வேதனையில் பங்குகொள்ளும் அண்ணன்,
மேகராசா

*

லாசால், மொன்றியல்
2025 மார்ச் 23

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

வாக்கு எண்ண இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருந்தோம். அவர்கள் பக்கம் வேல்முருகு அண்ணனின் மகள் ஆர்த்திகா. எங்கள் பக்கம் நான். வெளியூர் உறைகளைப் பிரித்தவள் நான்தான், அண்ணன்.

உங்கள் உறை மூன்றாவதாக வந்தது. கன்சாஸ் முத்திரை, உங்கள் கையெழுத்து. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கடைசியாகப் பிரிப்போம், அதுவரை நெஞ்சுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று வைத்தேன். முப்பத்துமூன்று தாளும் பிரித்து முடிய எழுபதும் எழுபதும் சமமாக நின்றது. நான் சிரித்துக்கொண்டு உங்கள் உறையைக் கிழித்தேன். சிரித்துக்கொண்டு!

"வேண்டும்" பெட்டியில் நல்ல கறுப்பு மையில் கோடு கீறியிருக்கிறீர்கள். கீழே "இ. மேகராசா". பிழையாகக் கீறிவிட்டீர்களோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆர்த்திகா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வாசித்தாள். சின்னப் பெட்டை, அவளுக்கே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் பின்வரிசையில் இருந்தார். எழும்பி வெளியே போனார். எனக்குச் சொல்லாமல் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போன கடிதத்தில் கேட்டேன், தாளை அனுப்பினீர்களா என்று. உண்மையைச் சொல்ல ஒரு இடம் விட்டுப் பார்த்தேன். நீங்கள் தபால்காரன் தலையில் போட்டீர்கள். ஒளித்துவிட்டார்கள் என்று அவர்கள் மேலும் பழி போட்டீர்கள். வேல்முருகு அண்ணன் எங்களை அவமானப்படுத்துகிறார், ஆனால் முகத்துக்கு முன் நின்று செய்கிறார். நீங்கள் ஆறுதல் சொல்லி எழுதுகிறீர்கள்!

உங்கள் கடிதத்தைச் சபையில் வாசித்தேனே, அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அந்தக் கறுப்பு மனிதர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதிய கை எது, பெட்டியில் கோடு கீறிய கை எது? உங்கள் வகுப்பில் கறுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்கிறீர்கள்?

ஏன் செய்தீர்கள்? எனக்குக் காரணம் வேண்டும்.

கஜந்தி

*

கன்சாஸ்
2025 ஜூன் 1

தங்கச்சிக்கு,

பத்துக் கிழமையாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். உடம்பு சுகம். வேறு ஒன்றும் சுகமில்லை.

பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். காரணம் கேட்டாய், சொல்கிறேன். கேட்டு நீ காறித் துப்புவாய்.

பதினெட்டு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை "மிஸ்டர் எம்" என்கிறார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாதாம். வேல்முருகர் எடுத்தவுடன் "வண்ணக்கர் இருக்கிறாரா?" என்று கேட்டார். வழமை வந்தால் மாமாவுக்குப் பிறகு நம் குடியின் வண்ணக்கர் நான். குடமுழுக்கன்று எனக்குத்தான் முதல் பரிவட்டம். மாமாவின் தலையில் அந்தப் பட்டுத்துணியைக் கட்டும்போது சபை எழும்பி நிற்கும், உனக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு நாளாவது என் தலையில் ஏறட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். என் ஒரு தாளில் என்ன ஆகிவிடப் போகிறது, நீ எப்படியும் வெல்வாய் என்றும் நினைத்தேன். இது சத்தியம்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. வேல்முருகரோடு கதைத்து ஒரு இணக்கம் எடுத்திருக்கிறேன். நம்மூர் வழமை தாய்வழி. பிள்ளை தாயின் குடி. நீ நம் குடி, அதனால் றொக்சனும் நம் குடி. நீங்கள் இருவரும் உள்ளே வரலாம். வண்ணக்கரின் பின்னால் வெள்ளித் தட்டம் ஏந்தி நிற்க வேண்டியவன் தங்கச்சியின் மகன்தான், எனக்குப் பிறகு பரிவட்டமும் அவனுக்குத்தான். மச்சான் மட்டும் வாசல்வரை. காலப்போக்கில் அதையும் பேசலாம்.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். வேல்முருகர் வீட்டில் தங்குவேன். மருமகனைக் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்

*

லாசால், மொன்றியல்
2025 ஜூலை 6

அண்ணனுக்கு,

பிரயாணம் சுகமாக முடிந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் சுகம்.

உங்கள் இணக்கத்தை இவருக்கும் றொக்சனுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வரைபடத்தில் கீறிய கோட்டைப் பற்றி நீங்கள்தான் எனக்குப் படிப்பித்தீர்கள். அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே கீறிவிட்டீர்கள். இந்தப் பக்கம் நானும் பிள்ளையும், அந்தப் பக்கம் பிள்ளையைப் பெற்றவர். றொக்சன் தன் கல்லூரி நூலகத்தில் தேடிக்கொண்டு வந்து சொன்னான், அடிமைக்காரரும் தாய்வழிதான் பார்த்தார்களாம். அடிமைத்தாய் பெற்ற பிள்ளையை, தகப்பன் யாராக இருந்தாலும், விற்பதற்கு அது வசதியாம். நீங்கள் அதையும் வகுப்பில் படிப்பித்திருப்பீர்கள்.

இருபத்தொன்பதாம் தேதி நாங்கள் வந்தோம். நீங்கள் எங்களைக் காணவில்லை, உங்களைச் சுற்றி ஆட்கள். இவர்தான் வரவேண்டும் என்று நின்றார். எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எதிரே, இங்கே தெப்பனர் என்கிற சில்லறைக் கடையின் வாசலில் நின்று பார்த்தோம். எரிந்தன. ஒன்றும் பழுதில்லை. "சரி" என்றார் இவர். எனக்கு அழுகை வந்தது, அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பறைமேளம் இல்லாமல் வழமைப்படி சாமி புறப்படாது. அடிக்க ஆள் இல்லை. போன கிழமை இவரைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், "எனக்கு வயர் இழுக்கத்தான் தெரியும்" என்று அனுப்பிவிட்டார். என்ன செய்தார்கள் உங்கள் வழமைக்காரர்? ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை வாசலில் வைத்து, யூடியூபில் பறையைப் போட்டார்கள். நடுவில் பிரெஞ்சில் காப்புறுதி விளம்பரம் வந்தது. ரோட்டில் நின்ற நாங்கள்கூடக் கேட்டோம். எங்களோடு வந்து நின்ற கிளியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணன். மேளம் பெட்டியில் வரலாம், ஆள் மட்டும் உள்ளே வரக்கூடாது!

அதற்குப் பிறகு வேல்முருகு அண்ணன் ரோட்டைக் கடந்து வந்தார். நீங்கள் அனுப்பினீர்களாம். பட்டு வேட்டி கையில். றொக்சனைப் பார்த்து, "மகன், வாங்க. மாமா தட்டத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கார்" என்றார்.

"அப்பாவும் வரலாமா?" என்று கேட்டான்.

"அது வழமையில்ல, மகன்."

"அப்ப நான் வரல்ல." அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"சின்னப்பிள்ளை, தெரியாமச் சொல்லுது. நீ சொல்லு தங்கச்சி" என்று என்னைப் பார்த்தார். அவனுக்குப் பத்தொன்பது வயது, அவன் தெரிந்துதான் சொல்கிறான் என்றேன். உள்ளே சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. அப்போது உங்களுக்குப் பரிவட்டம் கட்டியிருப்பார்கள். தட்டம் ஏந்த யார் நின்றார்களோ தெரியாது. நாங்கள் மூன்று பேரும் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நேற்று றொக்சன் சங்கத்துக்குத் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டான். வண்ணக்கர் பட்டம் இன்றைக்கும் வேண்டாம், உங்களுக்குப் பிறகும் வேண்டாம் என்று. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசித்துப் பார்த்துவிட்டுக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

இனி யோசித்துப் பாருங்கள். மாமாவிடமிருந்து உங்களுக்கு வந்தது. உங்களிடமிருந்து தங்கச்சியின் பிள்ளைக்குத்தான் போக வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லை. உங்களுக்கு நான் ஒரே தங்கச்சி. எனக்கு இவன் ஒரே பிள்ளை. உங்கள் பிள்ளைகள் மச்சாளின் குடி, அவர்களுக்கு அந்தக் கோயிலில் ஒரு பிடி விபூதிக்கும் முறையில்லை. நீங்கள் கறுப்பு மையால் "வேண்டும்" என்று கீறிய வழமைப்படி நம் குடியின் வண்ணக்கர் வரிசை உங்களோடு முடிகிறது. அதன் பிறகு அந்தத் துணியைக் கட்ட ஒரு தலையும் இல்லை.

வேல்முருகு அண்ணன் இதை இன்னும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த முறை எடுக்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.

நடராசாவின் மனைவி,
கஜந்தி